மீனவர் மனுவில் ‘ஹேஸ்’ போடுவதா, ‘ஹேவ்’ போடுவதா?

ராமேசுவரம், பாம்பன், மண்டபம் பக்கம் மீனவர் சங்கங்களுக்கு ஆங்கிலத்தில் மனு எழுதுபவர்களை அடிக்கடி தடுக்கும் இடம் இது: ‘தி அசோசியேஷன் ஹேஸ்’ஸா, ‘தி அசோசியேஷன் ஹேவ்’வா? சங்கம் போன்ற குழுப் பெயர்களுக்கு அமெரிக்க வழக்கு ஒருமை, அதாவது ‘ஹேஸ்’. பிரிட்டன் வழக்கில் இரண்டும் செல்லும். மனுவுக்கு என்றால் நான் ஒருமை பக்கம்தான்.

பின்னால் வரும் ‘இட்’, ‘தே’ இரண்டும்தான் காரணம். சிறைபிடிப்பு மனுவில் சங்கம், கடற்படை, குடும்பத்தார் என்று பல தரப்பு வரும். ‘தி அசோசியேஷன் ஹேவ் டோல்ட் தி ஃபேமிலிஸ் தட் தே மஸ்ட் சைன்’ என்று எழுதினால் கையெழுத்துப் போட வேண்டியது யார்? சங்கமா, குடும்பத்தாரா? ‘ஹேஸ்’ போட்டால் சங்கத்துக்கு ‘இட்’, குடும்பத்தாருக்கு ‘தே’ என்று பிரிந்துவிடும். படிக்கும் அதிகாரி தடுமாற மாட்டார்.

ஒருமையில் தொடங்கினால் கடைசிவரை ‘இட்’, ‘இட்ஸ்’, ‘விச்’ என்றே போக வேண்டும். முதல் வரியில் ‘ஹேஸ்’ போட்டுவிட்டு மூன்றாம் வரியில் அதே சங்கத்துக்கு ‘தேர்’ போடுவதுதான் வழக்கமாக நடக்கிற தவறு. எழுதி முடித்ததும் ‘தே’, ‘தேர்’ வரும் இடங்களை மட்டும் தேடி, ஒவ்வொன்றும் யாரைக் குறிக்கிறது என்று பாருங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்கால நிவாரண மனுவில் இன்னொரு வழுக்கல் உண்டு. ‘தி ஃப்ளீட் ஆஃப் போட்ஸ் இஸ் ஐடில்’ என்பதில் பக்கத்தில் நிற்கும் ‘போட்ஸ்’ கையை ‘ஆர்’ பக்கம் இழுக்கும். வினை ‘ஃப்ளீட்’டுக்குத்தான்.

ஒருமை தோற்கும் இடம் ‘க்ரூ’, அதாவது படகில் போகும் ஆட்கள். ‘தி க்ரூ ஹேஸ் லாஸ்ட் இட்ஸ் போட்’ சரி; படகு எல்லாருக்கும் ஒன்று. ‘தி க்ரூ ஹேஸ் கால்ட் இட்ஸ் வைவ்ஸ்’ என்று எழுதவே முடியாது. அங்கே பன்மைதான் சரி. ‘தி க்ரூ மெம்பர்ஸ் ஹேவ் கால்ட் தேர் வைவ்ஸ்’ என்றால் எந்த நாட்டு வழக்கிலும் மறுப்பு வராது.

‘போலீஸ்’ எப்போதும் பன்மை. ‘எ நம்பர் ஆஃப் போட்ஸ்’ என்றால் ‘ஆர்’, ‘தி நம்பர் ஆஃப் போட்ஸ்’ என்றால் ‘இஸ்’. ‘எ க்ரூப் ஆஃப் ஃபிஷர்மென்’ மட்டும் இரண்டு பக்கமும் சாயும். அதில் நான் அடம்பிடிக்க மாட்டேன்.