மொட்டை மாடிக்கு எது: ஃபுட்பால் லில்லியா, அமரில்லிஸா?

சென்னை வெயிலில், மொட்டை மாடித் தொட்டியில் பூக்க ஒரே ஒரு கிழங்குச் செடிதான் வாங்க முடியும் என்றால் என் ஓட்டு ஃபுட்பால் லில்லிக்கு. அமரில்லிஸ் வைத்திருப்பவர்கள் சண்டைக்கு வருவார்கள், அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது.

ஃபுட்பால் லில்லி ஆப்பிரிக்கக் கிழங்கு. குளிர்காலம் வந்தால் இலை பழுத்து விழுந்து தொட்டியில் வெறும் மண்தான் மிஞ்சும். செத்துவிட்டது என்று கொட்டிவிடாதீர்கள். தண்ணீர் ஊற்றாமல் மாடிப்படிக்கு அடியில் தள்ளிவிட்டு மறந்துவிடலாம், மறப்பதுதான் பராமரிப்பே. ஏப்ரல் கடைசியில் வெளியே எடுத்து நாலு நாள் தண்ணீர் காட்டினால், இலைக்கும் முன்னால் ஒரு தடித்த தண்டு மண்ணைக் கீறிக்கொண்டு வரும். அதன் தலையில் பெயின்ட் பிரஷ் மாதிரி ஒரு மொட்டு, இரண்டு நாளில் விரிந்தால் நூற்றுக்கணக்கான குட்டிப் பூக்கள் சேர்ந்த செக்கச்சிவந்த பந்து. மே மாதப் பூ என்று சொல்வது இதனால்தான். குறை என்னவென்றால் ஒரு கிழங்குக்கு வருஷத்தில் ஒரு பந்துதான், அதுவும் ஒரு வாரம், பத்து நாள். வேரைக் கலைத்துத் தொட்டி மாற்றினால் ரோஷப்பட்டு அடுத்த வருஷம் பூக்காமலும் போகும்.

அமரில்லிஸில் இந்தக் கஞ்சத்தனம் இல்லை. (கடையில் அந்தப் பெயரில் தருவது தென் அமெரிக்க ஹிப்பியாஸ்ட்ரம், அசல் அமரில்லிஸ் தென்னாப்பிரிக்கச் செடி. சரி, அது கிடக்கட்டும்.) வெள்ளை, ரோஸ், கோடு போட்டது, அடுக்கு என்று ரகம் ரகமாக உண்டு, கிழங்கு நன்றாகப் பெருத்திருந்தால் இரண்டு தண்டுகூட விடும். ஆனால் கவனிப்பு கேட்கும். கிழங்கின் கழுத்தும் தோளும் மண்ணுக்கு வெளியே தெரிகிற மாதிரி நட வேண்டும். நான் முதல் தடவை முழுசாகப் புதைத்தேன், நவம்பர் மழையில் இலையைத் தொட்டதும் கையோடு வந்துவிட்டது, உள்ளே கிழங்கு கூழாகி நாறியது. அப்புறம் அந்தப் புழு: கறுப்பு உடம்பில் வெள்ளையும் ஆரஞ்சுமாகப் புள்ளி, செங்காந்தளைத் தின்கிற அதே புழுதான், கண்டுகொள்ளாமல் விட்டால் இலையை மொட்டையடித்துவிட்டுக் கிழங்குக்குள் இறங்கும். கையால் பொறுக்கிப் போடுவதுதான் வழி.

நீளத் தண்டில் வரிசையாகப் பூக்கிற கிளாடியோலஸ்? ஊட்டி, கொடைக்கானல்காரர்கள் நடட்டும். சமவெளியில் அக்டோபரில் நட்டுக் குளிரில் பூ பார்க்கிற செடி அது, கோடைப் போட்டியிலேயே இல்லை. மார்ச்சில் நட்டேன், பூந்தண்டு நுனியிலிருந்து கருகிப்போனது.

ஃபுட்பால் லில்லி, அமரில்லிஸ் இரண்டிலும் பொதுவாக வாசனை கிடையாது. அது வேண்டுமென்றால் சம்பங்கி வையுங்கள், அதுவும் மெக்சிகோ சரக்குதான், பூமாலையில் ஏறி ஏறி நம்மூர்ப் பூவாகிவிட்டது.

எதை வாங்கினாலும் அன்றைக்கே நட்டுவிடுங்கள். இரண்டு கிழங்கிலும் விஷம் உண்டு, அமரில்லிஸ் பார்க்க அசல் பெரிய வெங்காயம். எங்கள் வீட்டில் வெங்காயக் கூடைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன், அம்மா அதை நறுக்கக் கத்தியோடு போய்விட்டார்.