வாரம் நான்கு நாள் ஓடி மாரத்தான்: மதுரையில் மூன்று சீசன் பின்பற்றிய திட்டம்

முதல் தடவை 42.195 கிலோமீட்டர் ஓட நினைப்பவருக்குப் பெரும்பாலும் வாரம் ஐந்தாறு நாள் ஓடச் சொல்லும் அட்டவணைதான் கையில் கிடைக்கும். ஏழரைக்குப் பள்ளி வேன் வரும் வீட்டில், இரண்டு டிபன் பாக்ஸ் கட்ட வேண்டிய வீட்டில், அது ஆறு வாரம்கூடத் தாங்காது. செவ்வாய், வியாழன், சனி, ஞாயிறு மட்டும் ஓடும் 18 வாரத் திட்டத்தை மூன்று சீசன் பின்பற்றியதில் எது நின்றது, எது நிற்கவில்லை என்பதுதான் இது. இலக்கு நாலரை மணி நேரம், அதாவது கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 24 விநாடி.

முதலில் காலண்டரைப் பாருங்கள், அதுவும் கிழிக்கிற தமிழ்க் காலண்டரை. சென்னை, மும்பை இரண்டு மாரத்தானும் ஜனவரியில் வருகின்றன. ஜனவரி முதல் ஞாயிறிலிருந்து 18 வாரம் பின்னால் எண்ணினால் ஆகஸ்ட் கடைசி, ஆவணி நடு. ஆவணியில் முகூர்த்தம் இருக்கும், ஆனால் அப்போது ஞாயிறு ஓட்டம் 12, 14 கிலோமீட்டர்தான். ஓடி முடித்துக் குளித்துவிட்டே கல்யாணத்துக்குப் போகலாம். புரட்டாசியில் விசேஷம் குறைவு, தூரத்தை ஏற்ற நல்ல மாதம். சிக்கல் ஐப்பசி, கார்த்திகையில்தான். மழை, தீபாவளி, கல்யாணம் மூன்றும் சேர்ந்து வரும் அந்த வாரங்களில்தான் 26, 28 கிலோமீட்டர் ஓட வேண்டியிருக்கும். பத்திரிகை வந்த அன்றே தேதியைக் குறித்துக்கொண்டு, அந்த ஞாயிறை 16 கிலோமீட்டர் வாரமாக மாற்றிவிட வேண்டும். மார்கழியில் முகூர்த்தம் கிடையாது. தூரத்தைக் குறைக்கும் கடைசி மூன்று வாரம் அதில் சரியாக உட்கார்ந்துவிடும். அரையாண்டுத் தேர்வும் அப்போதுதான் என்பதால் பிள்ளைகளோடு இருக்கவும் நேரம் கிடைக்கும்.

வார அளவு இப்படி: செவ்வாய் 8 கிலோமீட்டர் மெதுவாக. வியாழன் 10, அதில் நடு 5 மட்டும் கிலோமீட்டருக்கு 6 நிமிட வேகத்தில். சனி 6, மிக மெதுவாக. மீதி ஞாயிறு. ஆரம்பத்தில் வாரம் 36, உச்சத்தில் 54. மெதுவாக என்றால் கிலோமீட்டருக்கு 7 நிமிடம். மூச்சு வாங்காமல் ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தவறுகிறார்கள். நான்கு நாளும் கிலோமீட்டருக்கு ஆறேகால் நிமிட வேகத்தில் ஓடுவார்கள். மெதுவான நாளுக்கு அது வேகம் அதிகம், வேகமான நாளுக்குக் குறைவு. பத்தாவது வாரத்தில் கெண்டைக்கால் இறுகிப் போகும்.

குழந்தைக்குக் காய்ச்சல், ஊரிலிருந்து விருந்தாளி, அலுவலகத்தில் ஆடிட் என்று ஏதாவது ஒரு நாள் தவறும். தவறியதை அடுத்த வாரக் கணக்கில் சேர்க்கக் கூடாது. 30 கிலோமீட்டர் ஓடிய மறுநாளே விட்டுப்போன 10-ஐயும் ஓடுவதுதான் முழங்கால் வெளிப்பக்க வலிக்கு நேர்வழி. ஞாயிறையும் வியாழனையும் காப்பாற்றினால் போதும். சனிக்கிழமை போனால் போகட்டும்.

ஞாயிறுதான் வீட்டோடு நேரடியாக மோதும் நாள், அதனால் கணக்கு துல்லியமாக வேண்டும். 30 கிலோமீட்டர், 7 நிமிட வேகத்தில் மூன்றரை மணி நேரம். நவம்பரில் மதுரையில் சூரியன் உதிப்பது ஆறேகாலுக்கு ஒட்டி. 3:45-க்குக் கிளம்பினால் 7:15-க்கு முடியும். ஒரு மணி நேரம் மட்டும் வெயில். 5 மணிக்குக் கிளம்பினால் பாதிக்கு மேல் வெயிலில்தான் ஓட வேண்டும், நாடித்துடிப்பு ஏறி வேகம் விழும், வீட்டுக்கு வரவும் ஒன்பதாகிவிடும். மூன்றரை மணி நேரத்தைத் தாண்டும் பயிற்சியால் சாதாரண ஓட்டக்காரருக்குக் கிடைக்கும் பலனைவிட உடல் தேறப் பிடிக்கும் நாட்கள்தான் அதிகம். 18 வாரத்தில் 25-ஐத் தாண்டும் ஓட்டம் ஐந்து போதும்: 26, 28, 28, 30, 30. அவற்றுக்கு நடுவில் 16, 18 என்று இறங்கி ஓட வேண்டும்.

ஆனால் ஓட்டத்தின் உண்மையான விலை அந்த மூன்றரை மணி நேரம் இல்லை. ஓடி வந்து, குளித்து, தின்று, பதினொரு மணி வரை தூங்கினால் வீட்டின் ஒரே விடுமுறை நாளில் பாதி போய்விடும். வாரக்கணக்காக அது தொடரும்போது வீட்டில் இருப்பவர் சும்மா இருப்பதை ஒப்புதல் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. திரும்பும் வழியிலேயே கறிக்கடைக்குப் போய்க் கறி வாங்கிக்கொண்டு எட்டுக்குள் வீடு சேருவது, சமையலில் பாதியைக் கையில் எடுப்பது, தூக்கத்தை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு 40 நிமிடமாக வைத்துக்கொள்வது ஆகிய மூன்றையும் திட்டத்தின் பகுதியாகவே எழுதிக்கொள்ளுங்கள். சனி இரவு எட்டரைக்கே படுக்க வேண்டும். அதற்கு டிவி அந்த அறையில் இருக்கக் கூடாது.

இடங்கள். வண்டியூர் தெப்பக்குளத்தின் பக்கங்கள் 305 மீட்டர், 290 மீட்டர். கரையை ஒட்டி ஒரு சுற்று கிட்டத்தட்ட 1.2 கிலோமீட்டர். விடியும் முன்பே நடக்க ஆள் வந்துவிடுவார்கள் என்பதால் தனியாக ஓடும் பெண்களுக்கு வெறிச்சோடிய சாலையைவிட இதுவே மேல். ஒரே திசையில் சுற்றினால் உள்பக்கக் காலில் சுமை கூடும். நான்கு சுற்றுக்கு ஒரு தடவை திசை மாற்றுங்கள். மூலைகளில் ஜிபிஎஸ் வாட்ச் குறுக்கே வெட்டிக் கணக்கிடும், சுற்றை எண்ணிக்கொள்வதே நம்பகம். வியாழன் வேக ஓட்டத்துக்கு ரேஸ்கோர்ஸ் மைதானத்தின் 400 மீட்டர் டிராக். லாங் ரன்னுக்கு அழகர்கோவில் சாலை. மதுரையிலிருந்து அழகர்கோவில் 21 கிலோமீட்டர், போய் வந்தால் 42. கள்ளழகர் இறங்கி வரும் வழி என்பதால் பயிற்சியிலேயே முழுத் தூரமும் போய் வரும் ஆசை பலருக்கும் வரும். வேண்டாம், 15-இல் திரும்பிவிடுங்கள். நெற்றி விளக்கும், பின்பக்கம் மினுங்கும் பட்டையும் கட்டாயம். வாகனம் எதிரே வரும் பக்கமாக, சாலையின் வலது ஓரத்தில் ஓடுங்கள். நாய் துரத்தினால் ஓட்டத்தை நிறுத்தி நடக்க வேண்டும். ஓடும் காலைத்தான் அது துரத்தும்.

தண்ணீர்க் கணக்கை வீட்டு எடை மெஷினிலேயே போட்டுவிடலாம். ஓடும் முன் 65 கிலோ, இரண்டு மணி நேரம் ஓடி ஈரம் துடைத்துவிட்டு நின்றால் 63.6, வழியில் குடித்தது அரை லிட்டர் என்றால் போன வியர்வை 1.9 லிட்டர். மணிக்கு 950 மில்லி. அதை முழுதும் ஈடுகட்ட வேண்டியதில்லை, எடை இழப்பு இரண்டு சதவீதத்தை ஒட்டி நின்றால் போதும். பயந்துகொண்டு வெறும் தண்ணீராகக் குடித்துக்கொண்டே போனால் ரத்தத்தில் சோடியம் சரியும். தலைவலி, வாந்தி, விரல் வீங்கி மோதிரம் இறுகுவது, குழப்பம் என்று அது தெரியும். அது ஆபத்தானது. ஒரு லிட்டர் தண்ணீரில் சர்க்கரை ஆறு டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன், இரண்டும் தலை தட்டி. பயிற்சிக்கு அது போதும். இளநீரில் பொட்டாசியம்தான் அதிகம், சோடியம் குறைவு. ஓடி முடித்துக் குடிக்க நல்லது, உப்புக்கு மாற்று ஆகாது.

தசையில் இருக்கும் சர்க்கரைச் சேமிப்பு 30 கிலோமீட்டர் சுமாருக்குத் தீர்ந்துவிடும் என்பதால் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். கொட்டை நீக்கிய சாதாரணப் பேரீச்சம்பழம் ஆறு சாப்பிட்டால் 30 கிராம் வந்துவிடும். கடலைமிட்டாய் ஓடும்போது வேண்டாம். கடலையின் கொழுப்பு வயிற்றிலேயே தங்கும், தூள் மூச்சுக்குழலில் ஏறும். முதல் கடி 40-ஆவது நிமிடத்தில். பசித்த பிறகு சாப்பிடுவது தாமதம்.

ஷூ. வாரம் சராசரி 40 கிலோமீட்டர் என்றால் 18 வாரத்தில் 720. ஒரு ஜோடியின் ஆயுள் பொதுவாக 500 முதல் 800 கிலோமீட்டர். ஆகஸ்டில் வாங்கிய ஒரே ஜோடியோடு ஜனவரியில் போட்டிக்குப் போனால் செத்த ஷூவில்தான் நிற்பீர்கள். 12-ஆவது வாரம் இரண்டாவது ஜோடி வாங்கி, மாற்றி மாற்றிப் போட்டு, போட்டிக்கு முன் 80 கிலோமீட்டர் பழக்குங்கள். அடித்தட்டு தேயாமலேயே உள்ளே ஃபோம் செத்திருக்கும். மேஜைமேல் வைத்துக் குதிகால் பக்கமிருந்து பாருங்கள்: ஒரு பக்கம் சாய்ந்திருந்தால், பக்கவாட்டு ஃபோமில் கிடைமட்டமாகச் சுருக்கக் கோடுகள் நிரந்தரமாக விழுந்திருந்தால், கட்டைவிரலால் அழுத்தினால் பலகைபோல இருந்தால் முடிந்தது. மழையில் நனைந்ததை மொட்டைமாடி வெயிலில் காயவைத்தால் பசை விடும். உள்தட்டை உருவி, பழைய செய்தித்தாளைத் திணித்து, நிழலில் ஃபேனடியில் வைத்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை தாளை மாற்றினால் மறுநாளைக்குள் காய்ந்துவிடும். அளவு, கட்டைவிரலுக்கு முன்னால் ஒரு விரல் அகலம் இடம். சாக்ஸ் பருத்தியில் வேண்டாம், ஈரம் பிடித்துக் கொப்புளம் போடும். தொடை உரசலுக்குத் தேங்காயெண்ணெய் ஒரு மணி நேரம்கூட நிற்காது, பெட்ரோலியம் ஜெல்லி தடவுங்கள்.

வலியில் ஒன்றை மட்டும் பிரித்தறியத் தெரிய வேண்டும். தசை வலி பரவலாக இருக்கும், ஓடச் சூடேறினால் குறையும். எலும்பில் ஒரே புள்ளியை விரலால் தொட்டதும் வலித்தால், ஓட ஓடக் கூடினால், அன்றே நிறுத்தி எலும்பு மருத்துவரைப் பாருங்கள். வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுவது சிறுநீரகத்தோடு விளையாடுவது. ஐப்பசிக் காய்ச்சலில் ஓடவே கூடாது. நாற்பது தாண்டியவர், சர்க்கரை, பிரஷர் உள்ளவர் திட்டம் தொடங்கும் முன்பே பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். தடுப்புக்கு மாடிப்படியே போதும்: முன்பாதத்தை மட்டும் படி விளிம்பில் வைத்து, ஒற்றைக் காலில் குதிகாலை உயர்த்தி, மூன்று எண்ணி இறக்குவது. முட்டி நேராக 15, லேசாக மடக்கி 15, வாரம் இரண்டு தடவை. மடக்கிச் செய்வதைப் பலர் விட்டுவிடுகிறார்கள், ஓட்டத்தில் அதிகம் உழைக்கும் அடிக்கெண்டைத் தசைக்கு அதுதான் பயிற்சி.

சென்னைப் போட்டிக்கு வெள்ளி இரவு பாண்டியன் எக்ஸ்பிரஸ், சனி காலையே எண் அட்டை வாங்கும் வேலை முடிந்துவிடும், பகல் முழுதும் கால் ஓய்வு. ஞாயிறு இரவு திரும்ப லோயர் பெர்த்தை அப்போதே போட்டுவிடுங்கள். 42 கிலோமீட்டர் ஓடிய காலோடு அப்பர் பெர்த் ஏறுவது தொடைப் பிடிப்பில் போய் முடியும்.

கடைசியாக, எந்த அட்டவணையிலும் இல்லாத ஒன்று. மார்கழிக் கடைசியில் பொங்கலுக்கு வெள்ளையடிப்பு. ஏணியில் ஏறி இறங்குவது, பீரோ நகர்த்துவது, பரணில் இருந்து அண்டா இறக்குவது எல்லாம் சரியாகப் போட்டிக்கு முந்தைய இரண்டு வாரத்தில் வந்து விழும். இடுப்பும் கெண்டைக்காலும் அதில் பிடித்துக்கொண்டால் 16 வார உழைப்பு வீணாகிவிடும். வெள்ளையடிப்பைக் கார்த்திகை தீபத்துக்கே சேர்த்து முடித்துவிடுவது நல்லது. முடியாதென்றால், ஜனவரி முதல் ஞாயிறு போட்டி என்றால் ஓட்ட வலி புதன், வியாழனுக்குள் இறங்கிவிடும். பரண் வேலையை அதற்குப் பிறகு, போகிக்கு முன் வைத்துக்கொள்ளலாம்.