பொங்கலன்று திறந்த தட்டச்சுக் கடை

கேரளத்தில் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில், பஸ் ஸ்டாண்ட் பக்கத்து ஆன்லைன் சேவைக் கடையைப் பற்றி எழுதுகிறேன். பென்ஷன் மஸ்டரிங் (பென்ஷன்காரர் உயிரோடு இருப்பதைப் பதிவு செய்வது), சான்றிதழ் வேலைகளை அங்கே நன்றாகச் செய்வார்கள். நான் போனது வேறு காரியத்துக்கு.

2025 டிசம்பர் 14 அன்று சிட்னியின் போண்டி கடற்கரையில் யூதர்களின் ஹனுக்கா விழாவுக்குக் கூடியவர்களைச் சுட்டதில் 15 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு ஆஸ்திரேலிய அரசு வெறுப்பையும் தீவிரவாதத்தையும் தடுக்க ஒரு சட்ட வரைவை ஜனவரி 13 அன்று வெளியிட்டது. கருத்துச் சொல்லக் கடைசி நேரம் 15ஆம் தேதி மாலை 4 மணி. நமக்கு அது பொங்கல் காலை 10.30. அங்கே நர்ஸாக இருக்கும் என் மகள், "டூட்டி விடலப்பா, நீங்க எழுதித் தாங்க, நான் அனுப்பறேன்" என்றாள்.

கடைக்காரத் தம்பி எட்டு மணிக்கே ஷட்டரைத் தூக்கினார். நான் தமிழில் சொல்ல, அவர் ஆங்கிலத்தில் அடித்தார். இன வெறுப்பைப் பரப்புவதைக் குற்றமாக்கும் பகுதியில் ஒரு சொல்லில் விரலை வைத்து, "மாஷே, 'விலிஃபை'ன்னா அவதூறுங்களா?" என்றார். அவதூறு என்பது ஒருவருடைய பெயரைக் கெடுப்பது. இது ஒரு கூட்டத்தையே இழித்துப் பேசுவது. அதைப் பிரித்துச் சொல்லவே கால் மணி நேரம் ஆனது. சின்ன வயதில் பாலக்காட்டு ஹோட்டல் ஒன்றில் தமிழரை இளக்காரமாகச் சொல்லும் "பாண்டி" என்ற சொல்லால் கூப்பிட்டதும் அப்பா இலையை மடித்துவிட்டு எழுந்தாரே, அதைச் சொன்னேன். அதையும் அப்படியே சேர்த்தார்.

சட்டத்தின் சொற்களை இறுக்கமாக எழுதுங்கள் என்றும் அந்தக் கருத்தில் கேட்டிருந்தேன். தளர்வாக எழுதியதால்தானே 2015இல் நம் உச்ச நீதிமன்றம், இணையத்தில் எழுதுவதைக் குற்றமாக்கிய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவையும், பிறருக்குத் தொல்லை தருவதைக் குற்றமாக்கிய கேரள போலீஸ் சட்டத்தின் 118(டி)யையும் ஒன்றாக ரத்து செய்தது?

10.12க்கு மகளுக்குப் போய்ச் சேர்ந்தது. பண்டிகை நாளென்று கூடுதலாக வாங்கவில்லை, பக்கத்துக்கு 40 ரூபாய்தான். குறை ஒன்று உண்டு: முதலில் அவர் மெஷினில் மொழிபெயர்த்துக் கொடுத்த தாள் எதற்கும் உதவவில்லை.

என் வருத்தம் கடைமேல் இல்லை, அந்த இரண்டு நாள் கெடுவின்மேல். இந்திய அரசின் 2014 கொள்கைகூடச் சட்ட வரைவுக்குக் குறைந்தது 30 நாள் கொடுக்கச் சொல்கிறது. நாங்கள் மல்லுக்கட்டிய அந்தப் பகுதியைக் கைவிட்டுவிட்டு, மீதியை ஜனவரி 20 அன்று நிறைவேற்றினார்கள். இன்னும் பத்து நாள் கிடைத்திருந்தால் அந்தப் பகுதியைத் திருத்தியாவது காப்பாற்றியிருக்கலாம்.

கடை ஞாயிறு மட்டும் லீவு. சொல்லி எழுத வேண்டியிருந்தால் காலையிலேயே போங்கள், பத்தரைக்கு மேல் கூட்டம்.