கும்பகோணத்தில் நைரோபி பேப்பர்: எதற்குச் சந்தா கட்டலாம்?

பிள்ளையோ மருமகனோ கென்யத் தலைநகர் நைரோபியில் வேலை பார்க்கிறார் என்றால், அந்த ஊர் நிலவரத்துக்கு வாட்ஸ்அப் குழுவை நம்பியிருக்க வேண்டாம். அங்கத்திய நாளிதழை அன்றைக்கே கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ உட்கார்ந்து படிக்கலாம். ஒரே ஒரு சந்தாதான் கட்டுப்படியாகும் என்றால் டெய்லி நேஷன் இ-பேப்பர். அங்கே வரும் இன்னொரு நாளிதழான ஸ்டாண்டர்டின் தலைப்புச் செய்திகளையும் கூடவே பார்த்துக்கொள்ளுங்கள். நேஷனை 1960-ல் தொடங்கியவர் ஆகா கான். ஸ்டாண்டர்டில் முன்னாள் அதிபர் மோயின் குடும்பத்துக்கு நெடுங்காலமாகப் பங்குண்டு என்பது அங்கே எல்லோரும் அறிந்தது. ஒன்றை மட்டும் படித்தால் பாதிதான் தெரியும்.

பணம் கட்டுமிடத்தில்தான் பலரும் திணறுகிறார்கள். கென்யாவில் பேப்பர் சந்தா முதல் மளிகைக் கணக்கு வரை எம்-பெசாதான். 2007-ல் வந்த செல்போன் பணம். கென்ய எண் இல்லாதவருக்கு அது உதவாது, கார்டு வழியாகவே போக வேண்டும். விசா அல்லது மாஸ்டர்கார்டு நல்லது, ரூபே பெரும்பாலும் எடுபடாது. 2020-க்குப் பிறகு வாங்கிய கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை பூட்டியே வருகிறது. பேங்க் ஆப்பில் அதைத் திறந்து, வரம்பைச் சந்தாத் தொகைக்குச் சற்று மேலே வைத்து, கட்டி முடித்த கையோடு மூடிவிடுங்கள். ஒரு ஷில்லிங் ஏறக்குறைய நம் 70 காசு. அதன்மேல் பேங்க் 2 முதல் 3.5 சதவீதம் மாற்றுக் கட்டணம் பிடிக்கும், அந்தக் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி வேறு. தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் என்று விட்டுவிடாதீர்கள். முறையாகப் பதிவு செய்யாத தானியங்கிப் பிடித்தத்தை 2021 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கி விதி தடுக்கிறது. சந்தா திடீரென்று நின்றுபோவதற்கு வழக்கமான காரணம் இதுதான். முதலில் ஒரு மாதம் கட்டிப் பாருங்கள். கட்டுவது இணையதளக் கட்டுரைகளுக்கா, இ-பேப்பருக்கா என்பதையும் பார்த்துக் கட்டுங்கள்.

இ-பேப்பரே மேல் என்று சொல்லக் காரணம் இரங்கல் பக்கங்கள். நம் ஊர்க் கண்ணீர் அஞ்சலி போஸ்டரை அப்படியே தாளில் இறக்கியதுபோல் இருக்கும்: படம், இன்னாரின் மகன், இன்னாரின் மைத்துனர் என்று நீளும் உறவு வரிசை, உறவினர் கூடும் இடம், அடக்கம் செய்யும் நாள். யார் யாருக்கு உறவு என்று இதைப் படித்தே தெரிந்துகொள்ளலாம். நேஷன் சிறிய தாளில் வருவதால் செல்போன் திரையிலும் கண்ணை உறுத்தாது. கென்ய நேரம் நமக்கு இரண்டரை மணி பின்னால். அங்கே பொழுது விடியும்போது இங்கே ஏறக்குறைய ஒன்பது மணி.

பெயர்கள் பிடிபடாமல் முதல் வாரம் தடுமாற்றமாகத்தான் இருக்கும். 'பாபா' என்றால் சாமியார் அல்ல, முன்னாள் பிரதமர் ராய்லா ஒடிங்கா, ஸ்வாஹிலியில் அப்பா. 2025 அக்டோபர் 15-ல் சிகிச்சைக்கு வந்த இடத்தில், கேரளத்துக் கூத்தாட்டுக்குளத்தில் காலமானார். 'சகாயோ' என்பது அதிபர் ரூட்டோவுக்கு வரிச்சுமையால் எரிச்சலடைந்த மக்கள் வைத்த பெயர். பைபிளில் வரும் வரி வசூலிப்பவர் சகேயு. 'வஞ்சிக்கு' என்றால் நாம் சொல்லும் குப்பன் சுப்பன். 'உஹுரு' என்றால் சுதந்திரம். உஹுரு கென்யாட்டா என்றால் முன்னாள் அதிபர். எம்.சி.ஏ. என்பது படிப்பு அல்ல, கென்யாவின் 47 கவுண்டிகளில் (நம் மாவட்டம் போன்றவை) ஒன்றின் சபை உறுப்பினர்.

ஸ்வாஹிலி நாளிதழ் டைஃபா லியோவை மொழிபெயர்ப்பு ஆப் வைத்துப் படிப்பவர்கள் மணி சொல்லும் கணக்கில் கவனமாக இருங்கள். ஸ்வாஹிலியில் மணி எண்ணுவது விடியலிலிருந்து தொடங்குகிறது. 'சா டாட்டு அசுபுஹி' என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் காலை மூன்று மணி. அவர்கள் சொல்வது ஒன்பது மணி. ஆறைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

காடோவின் கார்ட்டூன்களைத் தவற விடாதீர்கள். 1992 முதல் நேஷனில் வரைந்தவர், 2016-ல் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் வெளியேறி, பிறகு ஸ்டாண்டர்டில் வரைந்தார். சர்வதேசக் குற்றவியல் நீதிமன்ற வழக்கு நடந்தபோது உஹுரு கென்யாட்டாவின் காலில் சங்கிலியும் இரும்புக் குண்டும் மாட்டியே வரைந்த கை அது. அந்த ஊரில் பத்திரிகை நடத்துவது எளிதான காரியமாக இருந்ததில்லை. 2006 மார்ச் 2-ல் ஸ்டாண்டர்டுக்குள் போலீஸ் புகுந்து அச்சான பிரதிகளைக் கொளுத்தியது. அந்தப் பேப்பரை 1902-ல் மொம்பாசாவில் தொடங்கியவர் கராச்சியிலிருந்து போன ஜீவன்ஜி என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. கோவா வம்சாவளிப் பத்திரிகையாளர் பியோ காமா பின்டோ 1965 பிப்ரவரி 24-ல் நைரோபியில் தன் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டதையும் தெரிந்துகொண்டு படித்தால், இன்றைய தலையங்கங்களின் துணிச்சல் எவ்வளவு பெரியது என்று புரியும்.

துவரை வாங்கி விற்பவர்கள் நைரோபி பேப்பரில் டான்சானியா விலை தேடி நேரத்தைக் கழிக்க வேண்டாம். அதற்கு தார் எஸ் சலாமில் வரும் தி சிட்டிசன் இருக்கிறது. உகாண்டா, ருவாண்டா வரை சேர்த்துப் பார்க்க வேண்டுமானால் தி ஈஸ்ட் ஆப்பிரிக்கன் வார இதழ் போதும்.