கேமலா, ஸ்பிரிங் இன்டக்ரேஷனா? ஒரு கோப்புறையை வைத்துப் பார்ப்போம்

ஒரு கோப்புறையில் ஆர்டர் கோப்புகள் வந்து விழுகின்றன. ஒவ்வொன்றையும் எடுத்து ஜேஎம்எஸ் கியூவில் (ஜாவா நிரல்கள் செய்தி பரிமாறும் வரிசையில்) போட வேண்டும். ஜாவாவில் இந்த வேலைக்கு முதலில் காதில் விழும் பெயர்கள் அப்பாச்சி கேமல், ஸ்பிரிங் இன்டக்ரேஷன் என்ற இரண்டு இணைப்பு நூலகங்கள். இரண்டுக்கும் மூலம் ஒன்றுதான்: கிரெகர் ஹோப்பேயும் பாபி வுல்ஃபும் 2003இல் எழுதிய ‘என்டர்பிரைஸ் இன்டக்ரேஷன் பேட்டர்ன்ஸ்’ என்ற புத்தகம். ஸ்பிளிட்டர் (செய்தியைப் பிரிப்பது), அக்ரிகேட்டர் (பிரிந்தவற்றைச் சேர்ப்பது) என்று இரண்டிலும் ஒரே சொற்கள் புழங்குவது அதனால்தான்.

தொடங்குவதற்கு கேமல் சுலபம். ரவுட்பில்டர் என்ற கிளாஸை நீட்டித்து, ‘ஃப்ரம்’ இந்தக் கோப்புறை, ‘டூ’ அந்தக் கியூ என்று எழுதினால் ரவுட் (செய்தி போகும் வழி) தயார். ஆனால் அந்த முகவரிகள் வெறும் ஸ்ட்ரிங். எழுத்துப்பிழை இருந்தால் கம்பைலர் கண்டுகொள்ளாது, ஸ்டார்ட் ஆகும்போதுதான் வெடிக்கும். அப்புறம், தனி மெயின் மெத்தடில் கான்டெக்ஸ்டை (ரவுட்களை ஓட்டும் கேமல் எஞ்சினை) ஸ்டார்ட் செய்துவிட்டு அப்படியே விட்டால் நிரல் உடனே முடிந்துபோகும். அதைப் பிடித்து வைத்திருக்கத்தான் கேமல்-மெயின் என்ற துணை நூலகம்.

ஸ்பிரிங் இன்டக்ரேஷனில் மெசேஜ் (செய்தி), சேனல் (அது போகும் குழாய்), எண்ட்பாயின்ட் (அதைக் கையாளும் முனை) மூன்றும் மனதில் பதியும்வரை முதல் நாள் கொஞ்சம் இழுக்கும். பதிந்தபின், இவற்றைக் கோர்க்கும் இன்டக்ரேஷன்ஃப்ளோ ஒரு சாதாரண பீன்தான் (ஸ்பிரிங் நிர்வகிக்கும் ஆப்ஜெக்ட்). ஏற்கெனவே ஸ்பிரிங் பூட்டில் (ஸ்பிரிங் செயலிகளை எளிதாக அமைத்து ஓட்டும் கருவியில்) இருப்பவர்களுக்கு வெர்ஷன் பொருத்தும் தலைவலியும் இல்லை, பூட்டே பார்த்துக்கொள்ளும். கேமலை பூட்டோடு சேர்ப்பவர்கள் எந்த கேமலுக்கு எந்த பூட் என்று பார்த்துத்தான் போட வேண்டும். கேமல் 4 என்றால் ஜாவா குறைந்தது 17.

இதெல்லாம் ஒரு வாரத்தில் பழகிவிடும். உண்மையான வித்தியாசம், எடுத்த கோப்பை இரண்டும் என்ன செய்கின்றன என்பதில் இருக்கிறது.

கேமல், வேலை முடிந்த கோப்பை ‘.கேமல்’ என்ற உட்கோப்புறைக்கு நகர்த்திவிடும். புள்ளியில் தொடங்கும் பெயர் என்பதால் லினக்ஸில் சாதாரணமாகப் பார்த்தால் கண்ணில் படாது. கோப்பே போய்விட்டது என்று பதறாதவர்கள் குறைவு. ஸ்பிரிங் இன்டக்ரேஷன் கோப்பைத் தொடாது. ‘இதைப் பார்த்துவிட்டேன்’ என்று நினைவகத்தில் மட்டும் குறித்துக்கொள்ளும். ரீஸ்டார்ட் செய்தால் அந்த நினைவு போய்விடும், பழைய கோப்புகள் எல்லாம் மறுபடி கியூவுக்குப் போகும். இதைத் தவிர்க்க, குறிப்பை வெளியே சேமிக்கும் ஃபில்டரை நாமே போட வேண்டும்.

கோப்பு கெட்டுப்போயிருந்து நடுவில் எக்ஸெப்ஷன் வந்தால்? கேமல் அதை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, அடுத்த போலிங்கில் (கோப்புறையைத் திரும்பப் பார்க்கும்போது) மறுபடி எடுக்கும். இயல்பான இடைவெளி 500 மில்லிவினாடி. விடிவதற்குள் லாக் நிரம்பிவிடும். ‘மூவ்ஃபெய்ல்டு’ என்ற அமைப்பைப் போட்டுத் தனிக் கோப்புறைக்கு ஒதுக்கினால்தான் நிம்மதி. ஸ்பிரிங் இன்டக்ரேஷனில் நிலைமை நேர் எதிர்: லாகில் ஒரு பிழை, அதோடு சரி. ‘பார்த்த’ கணக்கில் அந்தக் கோப்பு ஏற்கெனவே சேர்ந்துவிட்டதால் ரீஸ்டார்ட் வரை அதைத் திரும்பிப் பார்க்காது. ஒன்று நச்சரிக்கிறது, மற்றது மறந்துவிடுகிறது. என்னைக் கேட்டால் நச்சரிப்பதே மேல், பிழை தெரியாமல் போகாது.

எஃப்டிபி (கோப்புப் பரிமாற்றம்), காஃப்கா (செய்தி ஓடை), எஸ்3 (அமேசானின் கோப்புக் கிடங்கு) என்று பலவற்றோடு பேச வேண்டுமா? கேமலில் 300க்கும் மேற்பட்ட கம்போனென்டுகள் இருக்கின்றன, யோசிக்கவே வேண்டாம். ஓடிக்கொண்டிருக்கும் பூட் செயலியில் இரண்டே இணைப்புகள் என்றால் ஸ்பிரிங் இன்டக்ரேஷன் போதும். அதற்காகக் கேமலைக் கொண்டுவந்தால், ஒட்டகத்துக்குக் கூடாரத்தில் இடம் கொடுத்த கதைதான், தெரியுமல்லவா? ஒரே கோப்புறை, ஒரே கியூ, அதற்கு மேல் வளரவே வளராது என்றால் இரண்டுமே வேண்டாம், வெறும் ஜாவாவே போதும்.