ஆயிரம் ரூபாயா, காலை டிபனா? வீட்டு வேலைக்கு எந்த வழி சரி

வீட்டு வேலைய என்ன பண்றதுன்னு, முதலாளித்துவத்தையும் பொம்பளைங்க உழைப்பையும் சேத்துப் பாக்குற மார்க்சியப் பெண்ணியம் பேசுறவங்களுக்குள்ளயே 1970கள்ல இருந்து ஒரு சண்டை இருக்கு. ஒரு பக்கம் செல்மா ஜேம்ஸ், மரியாரோசா டல்லா கோஸ்டா, சில்வியா ஃபெடரிச்சி, இவங்க எல்லாம் வீட்டு வேலைக்குக் கூலி குடுன்னாங்க. அங்கிட்டு அமெரிக்கக் கருப்பினப் பெண்ணியவாதி ஏஞ்சலா டேவிஸ், கூலி குடுத்தா அந்த வேலை காலத்துக்கும் பொம்பளைங்க தலையிலயே தங்கிரும், வேலையவே வீட்ட விட்டு வெளிய எடுங்கன்னாங்க. இத படிக்குறப்ப எனக்கு நம்ம ஊருதான் ஞாபகத்துக்கு வரும், ஏன்னா ரெண்டுக்கும் பக்கத்துல வர்ற மாதிரி ரெண்டு திட்டம் இங்க வந்திருக்கு, அதுவும் ஒரே தேதியில. 2022 செப்டம்பர் 15 நம்ம மதுரை சிம்மக்கல்ல ஒரு மாநகராட்சி ஸ்கூல்ல காலை உணவுத் திட்டத்த ஆரம்பிச்சாங்க, சரியா அடுத்த வருஷம் அதே நாள் மகளிர் உரிமைத் தொகை, மாசம் 1000 ரூபா, ஒரு கோடியே ஆறு லட்சம் பேருக்கு.

முதல்ல கூலி கட்சி. அவங்க கேக்குறது நியாயமான கேள்வி. மில்லுக்கோ பட்டறைக்கோ போற ஆம்பள மறுநாளும் தெம்பா கிளம்பிப் போறான்னா அந்தத் தெம்ப யாரு உண்டாக்குனது, சோறு பொங்கி துணி துவைச்சு புள்ளைய தூங்க வச்சு, அவ்வளவும் பண்ணுன பொண்டாட்டிக்கு முதலாளி ஒரு பைசா குடுக்கல, ஆனா லாபத்துல அவ உழைப்பும் இருக்கு. அத பாசம்னு சொல்லி மூடிட்டாங்க. இந்த விதத்துல 'உரிமைத் தொகை'ன்னு பேரு வச்சது எனக்கு ரொம்ப முக்கியமா படுது, உதவித் தொகைன்னு வைக்கல பாருங்க. ஆனா கூலின்னு கணக்கு போட்டா ஒரு நாளைக்கு 33 ரூபா, எட்டு மணி நேரம்னு வச்சா மணிக்கு நாலு ரூபா சொச்சம். இத கூலின்னு சொல்ல எனக்கு வாய் வரல.

டேவிஸ் சொல்றது இன்னும் ஆழமா போகுது. அமெரிக்காவுல கருப்பினப் பெண்கள் அடுத்தவங்க வீட்டு வேலைய கூலிக்குத்தான காலங்காலமா செஞ்சாங்க, அந்தக் கூலி அவங்கள விடுவிச்சுதான்னு 1981லயே கேட்டாங்க. நம்ம தெருவுல நாலு வீட்டுல பாத்திரம் தேய்க்குற அக்காவ பாருங்க, சம்பளம் வாங்கிட்டு வந்து சொந்த வீட்டுல மறுபடி அதே பாத்திரம். (வெளி வேலைக்கு வந்தா விடுதலைன்னு 1884ல எழுதுன எங்கெல்ஸ், மார்க்ஸோட கூட்டாளி, வீட்டு வேலை பொதுத் தொழிலா மாறணும்னும் சேத்துதான் எழுதியிருக்காரு. நம்ம ஆளுங்க முதல் பாதிய மட்டும் பேசிட்டு போயிருவாங்க.)

வேலைய வீட்ட விட்டு வெளிய எடுக்குற டேவிஸ் வழிக்கு நம்ம ஊரு உதாரணம்தான் காலை டிபன். எனக்கு இதுதான் பெருசு. எங்க பக்கத்து வீட்டு அண்ணி, பையன் ரெண்டாங்கிளாஸ், முன்னாடி அஞ்சு மணிக்கே அடுப்ப பத்த வைக்கணும், இப்ப அவன் ஸ்கூல்ல கிச்சடியோ பொங்கலோ சாப்ட்டுக்குறான். ஆனா இதுலயும் ஒரு குறை இருக்கு, சத்துணவோ காலை டிபனோ, கரண்டி புடிக்குறது பெரும்பாலும் பொம்பளைங்கதான், சத்துணவு ஊழியருங்க காலமுறை ஊதியம் (மத்த அரசு ஊழியருங்க மாதிரி வருஷா வருஷம் ஏறுற சம்பளம்) கேட்டு வருஷக்கணக்கா ரோட்டுல உக்காந்துட்டு இருக்காங்க. அடுப்படி வீட்ட விட்டு வெளிய வந்துச்சு, பொம்பள வேலைன்னா சல்லிசுங்கிற கணக்கும் கூடவே வந்துருச்சு. முதலாளித்துவத்த மட்டும் பாத்தா பத்தாது, ஆம்பள ஆதிக்கத்தையும் தனியா பாக்கணும்னு அமெரிக்கப் பெண்ணியப் பொருளாதார அறிஞர் ஹைடி ஹார்ட்மன் சொன்னது இந்த இடத்துல அப்படியே பொருந்துது.

சரி அண்ணிகிட்டயே கேட்டேன், ரெண்டுல எது உங்களுக்கு உபகாரம்னு. 'காசு வந்த அன்னிக்கே கரைஞ்சுருது தம்பி, காலைல அந்த முக்கா மணி நேரம் கையில நிக்குதுல்ல'ன்னாங்க. அந்த முக்கா மணி நேரத்துல என்ன செய்றாங்கன்னா, சுங்குடிச் சேலைக்கு, அதான் முடிச்சு போட்டுச் சாயம் முக்குற புள்ளிச் சேலை, அதுக்கு முடிச்சு போடுறாங்க. வியாபாரி துணிய குடுத்துட்டுப் போவாரு, அண்ணி வாசப்படில உக்காந்து ஒவ்வொரு புள்ளியா நகத்தால கிள்ளித் தூக்கி, நூல சுத்தி இறுக்கி, அடுத்த புள்ளிக்குப் போவாங்க, சாயங்காலம் பாத்தா கட்டைவிரல் ஓரம் செவந்து கிடக்கும்.

ஆந்திராவுல நரசாபூர்ல லேஸ் பின்னுற பெண்கள பத்தி ஜெர்மன் சமூகவியலாளர் மரியா மீஸ் 1982ல எழுதுனாங்க, அந்தப் பெண்கள் வெளிநாட்டுச் சந்தைக்கு உழைச்சாலும் 'வீட்டுல சும்மா இருக்குறவங்க'ன்னே கணக்கு, அதனாலதான் அம்புட்டு கம்மி கூலின்னு. அண்ணி வீட்டுக்காரரும் இத 'பொழுது போக்கா செய்றா'ன்னுதான் சொல்வாரு.

ரெண்டுல ஒண்ணுன்னா என் ஓட்டு காலை டிபனுக்குத்தான், 1000 ரூபா அவங்க பேர்லயே பேங்க்ல விழுறதால அதுவும் இருக்கட்டும். ஆனா ஸ்கூல் அடுப்பு மிச்சம் பண்ணிக் குடுத்த நேரம் அப்படியே வியாபாரி பக்கம் போயிருச்சு, ரெண்டு கட்சியும் இந்த இடத்துக்கு வரல. முடிச்சு கட்டுறத தொழில்னு எழுதி அதுக்குக் குறைஞ்சபட்சக் கூலி கேட்டாத்தான் அந்த முக்கா மணி நேரம் அண்ணிக்குச் சொந்தம்.