தரங்கம்பாடிக்கு வடக்கே ஒரு கடலோர மாடி போர்ஷன்: யார் எடுக்கலாம், எந்த மாசம் எடுக்கலாம்

தரங்கம்பாடிக்கும் பூம்புகாருக்கும் நடுவில், மீன்பிடியைத் தவிர வேறு தொழில் இல்லாத ஒரு சின்ன ஊரில் இருக்கிறது இந்த வீடு. கீழே வீட்டுக்காரர் குடும்பம். மேலே வாடகைக்கு விடும் போர்ஷன்: ஒரு ஹால், இரண்டு படுக்கையறை, சமையலறை, இரண்டு பாத்ரூம், கிழக்குப் பார்த்த பால்கனி. நாள் வாடகை 3,500 ரூபாய், முகூர்த்த நாளென்றால் 5,000. கேட்கிற காசுக்கு வீடு தகும். ஆனால் விளம்பரப் படத்தில் தெரியும் அந்தப் பால்கனியை மட்டும் பார்த்து முன்பணம் கட்டிவிடாதீர்கள். கடலோரத்தில் கட்டிய எந்த வீட்டு மாடியில் நின்றாலும் கடல் தெரியும். தண்ணீர், இரும்பு, காற்று வீசும் திசை இந்த மூன்றும்தான் நாலு நாள் நிம்மதியாகத் தங்குவீர்களா, மறுநாளே பெட்டி கட்டுவீர்களா என்பதை முடிவு செய்யும்.

போர் தண்ணீர் உப்பு. இந்தக் கரையோரம் நெடுக அப்படித்தான். மணலில் ஊறிய மழைநீர் மேலாக நிற்கும், அதற்கு அடியில் உப்புநீர். மோட்டார் போட்டு இழுக்க இழுக்க அடியிலிருப்பது ஏறிவரும், அதனால் வைகாசியில் வரும் தண்ணீருக்கும் தை மாசம் வரும் தண்ணீருக்கும் ருசியே வேறு. குளிக்கலாம், துவைக்கலாம், சோப்பு மட்டும் நுரைக்காது. பருப்பை அதில் போட்டால் குக்கர் எத்தனை விசில் அடித்தாலும் வேகாது. சமையலறையில் ஆர்ஓ இருக்கிறது என்று விளம்பரத்தில் போட்டிருக்கிறார்கள். வீட்டு ஆர்ஓ மெஷின்கள் பெரும்பாலும் 2,000 டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்த உப்பின் அளவு) வரைதான் தாங்கும். கோடையில் போர் தண்ணீர் அதைத் தாண்டினால் மெம்பரேன் என்ற வடிகட்டும் சவ்வு அடைத்துக்கொண்டு சொட்டுச் சொட்டாகத்தான் வரும். எனவே கேன் தண்ணீர் சொல்லிவிடுங்கள். நாலு பேர் இரண்டு நாள் குடிக்கவும் சமைக்கவும் 20 லிட்டர் கேன் மூன்று போதும். தெருக்குழாயில் வரும் கூட்டுக் குடிநீரை ஒரு குடம் பிடித்துத் தர வீட்டுக்கார அம்மா மறுப்பதில்லை, ஆனால் ஊரே வரிசையில் நின்று பிடிக்கும் தண்ணீர் அது. கேட்காமல் இருப்பது மரியாதை.

இந்த வீட்டை அதிகம் எடுப்பவர்கள் கடல் பார்க்க வருபவர்கள் அல்ல, திருக்கடையூருக்கு அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம் என்று வரும் குடும்பங்கள். கோயில் பத்து கிலோமீட்டருக்குள்தான், அங்கே லாட்ஜ் நிரம்பும்போது கூட்டம் இந்தப் பக்கம் சாயும். அவர்களுக்கு ஒரு கணக்கு. கீசர் 15 லிட்டர், ஒரே பாத்ரூமில்தான் இருக்கிறது. இரண்டு கிலோவாட் காயில் புதிதாக இருந்தால் இருபது நிமிடத்தில் சூடாகும். உப்புத் தண்ணீரில் காயில் மேல் சுண்ணாம்புப் படை பிடித்துவிட்டதால் இங்கே அரை மணி ஆகிறது. ஒரு தடவை சூடாக்கினால் விளாவி இரண்டு வாளி தேறும். ஆறு பேர் குளிக்க மூன்று தடவை, ஆக ஒன்றரை மணி நேரம். விடியற்காலை நாலரைக்குக் கிளம்ப வேண்டுமென்றால் இரண்டரைக்கே சுவிட்ச் போட்டாக வேண்டும். காயிலைக் கழற்றி உரசிக் கழுவினாலே பாதிப் பிரச்சினை தீரும், வீட்டுக்காரர் செய்யலாம்.

சைவக் குடும்பங்களுக்கு இன்னொரு விஷயம். பாத்திரம் இரண்டு செட் தனித்தனியாக வைத்திருக்கிறார்கள். மீன் சமைக்கும் சட்டியும் கரண்டியும் வெளியே மாடிப்படிக்குக் கீழே ஒரு அலமாரியில், மற்றவை உள்ளே. நல்ல ஏற்பாடு. மிக்ஸி ஜார் மட்டும் பொது. ஒத்துவராதவர்கள் சின்ன ஜார் ஒன்று கையோடு கொண்டுவரலாம்.

இரும்பு விஷயத்தில் இந்த வீட்டுக்காரர் விவரமானவர். ஜன்னல்கள் துருப்பிடிக்காத யூபிவிசி பிளாஸ்டிக், கொசுவலை ஃபைபர். ஏசியின் வெளி யூனிட்டைக் கடல் பக்கம் வைக்காமல் மேற்குச் சுவரில் மாட்டியிருக்கிறார். கடலைப் பார்த்து வைத்திருந்தால் உப்புக்காற்றில் ஃபின் எனும் மெல்லிய தகடுகள் பொடிந்து, சீக்கிரமே கேஸ் கசிந்துவிடும். பால்கனிக் கம்பி எவர்சில்வர்தான், ஆனாலும் பழுப்புப் புள்ளி விழுந்திருக்கிறது. எவர்சில்வரில் 304 ரகத்துக்கு அதுதான் கதி, 316 போட்டிருந்தால் இந்த அளவு வந்திருக்காது. அழகு போகுமே தவிர பலம் போகவில்லை. அவர் கோட்டை விட்ட இடம் மொட்டை மாடிக் கதவு. சாதா இரும்புத் தாழ்ப்பாள், துருவேறி இறுகிக் கிடக்கிறது. இது அற்ப விஷயம் இல்லை. 2004 சுனாமி இந்தக் கரையை அடித்துப் போட்டிருக்கிறது, தரையும் மேடில்லை. மாடிச் சாவியை வந்தவுடன் வாங்கித் திறந்து பாருங்கள். இறுகியிருந்தால் நாலு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டு, தாழ்ப்பாளை முன்னும் பின்னும் மெல்ல அசைக்க வேண்டும். சுத்தியலால் தட்டினால் காது உடைந்து கையோடு வந்துவிடும்.

இன்வெர்ட்டருக்கு 150 ஆம்பியர்-ஹவர் பேட்டரி. மூன்று ஃபேன், நாலு லைட் என்றால் நாலு மணி நேரம் தாங்கும். ஏசி ஓடாது. மாதாந்திரப் பராமரிப்புக்கு ஈபியில் காலை ஒன்பதுக்கு நிறுத்தினால் சாயந்திரம் வரைகூட இழுக்கும், நீங்கள் வரும் தேதி அதில் விழுகிறதா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

எந்த மாசம் வருவது என்பதுதான் பெரிய கேள்வி. தையும் மாசியும் முதல் தரம்: மழை விட்டிருக்கும், வெயில் ஏறியிருக்காது, போர் தண்ணீரும் ஓரளவு நன்றாக இருக்கும். மாசி மகத்தன்று மட்டும் கடற்கரைகளில் தீர்த்தவாரிக் கூட்டம் நெரியும். சித்திரை, வைகாசியில் பகலெல்லாம் தெற்கிலிருந்து காற்று வரும். சுகமான காற்றுதான். ஆனால் வீட்டுக்குத் தெற்கே நூறு மீட்டரில் கருவாட்டுக் களம். அந்த இரண்டு மாசமும் தெற்கு அறை ஜன்னலைத் திறந்தால் காரப்பொடி மீன் கருவாடு ஹாலில் காய்கிற மாதிரிதான் இருக்கும், ஈயும் கூடவே வரும். வடக்கு அறையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆனி, ஆடியில் கச்சான், அதாவது மேலக்காற்று. கருவாட்டு வாடையைக் கடலுக்குத் தள்ளிவிடும், ஆனால் வயல்காட்டுச் சூட்டையும் புழுதியையும் கொண்டுவந்து போடும். மதியம் கடற்காற்று திரும்பும் வரைக்கும் பால்கனியில் உட்கார முடியாது. ஆடியில் அம்மன் கோயில் திருவிழா என்றால் குழாய் ஒலிபெருக்கி விடியும்வரை பாடும். அமைதியைத் தேடி வந்தோம் என்று சண்டைக்குப் போகாதீர்கள், ஊர் அவர்களுடையது.

ஐப்பசி, கார்த்திகையில் வர வேண்டாம் என்பதுதான் எங்கள் கருத்து. மழையைவிட செப்டிக் டேங்க்தான் காரணம். நிலத்தடி நீர் மேலே ஏறியதும் டேங்கிலிருந்து தண்ணீர் வெளியே போக வழியிருக்காது. ஃப்ளஷ் செய்தால் மெதுவாக இறங்கும், பாத்ரூம் தரைச் சல்லடையில் குடுகுடுவென்று சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டதும் கீழே சொல்லிவிட வேண்டும். பக்கெட் பக்கெட்டாக ஊற்றிப் பார்த்தால் எதிர்த்து வந்துவிடும்.

இனி மீன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. அப்போது ஃபைபர் படகுகள் கொண்டுவருவதுதான் மீன், விலையும் ஏறியிருக்கும். வஞ்சிரத்துக்கு ஆசைப்படாமல் சங்கரா, கிழங்கான், நெத்திலி என்று கிடைப்பதை வாங்குங்கள். படகுகள் கரைக்குத் திரும்பும் காலை நேரத்தில் ஏலம் கூடைக்கணக்கில் போகும், வீட்டுக்கு வாங்குபவர் அதில் நுழைய முடியாது. ஏலம் எடுத்த பெண்கள் பக்கத்திலேயே கூறு கட்டி விற்பார்கள், அவர்களிடம் வாங்குவதுதான் சரி. ஆய்ந்து தரவும் சொல்லலாம், தனிக் காசு. நீங்களே ஆய்வதென்றால் மாடிப்படிக்குக் கீழே தொட்டியும் குழாயும் அரிவாள்மனையும் இருக்கின்றன. தொட்டியின் வாயில் சல்லடை இல்லை, செதில் போய் அடைத்துக்கொள்கிறது. பழைய டீ வடிகட்டி ஒன்றை வைத்துக்கொண்டால் போதும். சமையலறையில் கிழக்கு ஜன்னலைத் திறந்துவைத்து அடுப்பைப் பற்ற வைத்தால் காற்றில் அணைந்துவிடும், கேஸ் வந்துகொண்டே இருக்கும். சின்ன பர்னரில் ரசம் வைத்துவிட்டுப் பால்கனிக்குப் போய்விடாதீர்கள்.

கடல் பக்கம் படுப்பவர்களுக்கு விடியற்காலை மூன்று மணிக்கே படகு எஞ்சின் சத்தம் கேட்கும். லேசான தூக்கக்காரர்களும் கைக்குழந்தையும் கடல் பக்கத்தை விட்டுத் தள்ளிப் படுக்கட்டும். காலையில் கரையில் நடக்கும்போது விரித்த வலையை மிதிக்காதீர்கள், படகு இழுக்கும் டிராக்டருக்கும் கயிற்றுக்கும் குறுக்கே நிற்காதீர்கள். படம் எடுப்பதானால் கேட்டுவிட்டு எடுங்கள். குளிக்க இது கடற்கரையே இல்லை. முழங்கால் தண்ணீரில் நிற்கும்போதே அடுத்த அடியில் தரை சரிகிறது, அலை திரும்பும்போது காலடி மணலை உருவும். காவலுக்கும் ஆள் கிடையாது. பிள்ளைகளோடு வருபவர்கள் காலை நனைப்பதோடு நிறுத்துங்கள்.

வந்து சேர மயிலாடுதுறை ஜங்ஷன்தான் வசதி. தரங்கம்பாடி ரயிலை 1986-லேயே நிறுத்திவிட்டார்கள், எனவே மயிலாடுதுறையிலிருந்து பஸ் அல்லது கார், ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். சொந்தக் காரில் வருபவர்கள் காரைக்காலில் பெட்ரோல் போட்டால் கொஞ்சம் மிச்சம். ஒரு பொழுது தரங்கம்பாடியில் டான்ஸ்பர்க் கோட்டைக்கும் மாசிலாமணிநாதர் கோயிலுக்கும் போய் வரலாம். கோட்டை அருங்காட்சியகம் வெள்ளிக்கிழமை கிடையாது.

முன்பணம் பாதி கேட்கிறார்கள். கட்டுவதற்கு முன் ஒன்றைப் பேசிவிடுங்கள்: புயல் வந்தால் பணம் திரும்புமா? வீட்டுக்காரர் பொதுவாக "பார்த்துக்கலாம் சார்" என்பார். அதை ஒப்புக்கொள்ளாமல், நாகையிலோ காரைக்காலிலோ 3-ஆம் எண் கூண்டு ஏற்றினால் முழுப்பணமும் வாபஸ் என்று வாட்ஸப்பில் எழுதி வாங்குங்கள். 1-ஆம் எண் எங்கோ தூரத்துப் புயலுக்கும் ஏற்றுவார்கள், அதற்கு ரத்து கேட்டால் அவர் தரமாட்டார், தராததும் நியாயம்தான். பெரியவர் ஒவ்வொருவருக்கும் ஆதார் நகல் வேண்டும், வெளிநாட்டுப் பாஸ்போர்ட்காரர் யாராவது உடன் வந்தால் வீட்டுக்காரர் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை அரசிடம் பதிய வேண்டும் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சாவி காலை பதினொன்றுக்குக் கைமாறும். முகூர்த்த நாளில் அடுத்த குடும்பம் பத்துக்கே வாசலில் வந்து நிற்கும்.